இரண்டாவது கட்டில்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். மூட்டு வலியும் டிக்கெட் எடுக்காம கூடவே வந்துடுச்சு. உங்க உடம்பு எப்படி இருக்கு? சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. ஊருக்கெல்லாம் ஊசி போட்ட நர்ஸம்மா, தனக்குன்னு வந்தா மட்டும் மறந்துடுவீங்க. குட்டியையும் மருமகளையும் விசாரிச்சதாச் சொல்லுங்க. நாப்பத்திரண்டு வயசு இன்ஜினியரை இன்னும் குட்டின்னு கூப்பிடறோம்னு அவன் கோவிச்சுக்கப் போறான்.

அண்ணன் போன பிறகு, "வீட்டை வித்துட்டு நாம ரெண்டு பேரும் ஒரே இடமாப் பார்த்துப் போயிடலாம், யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்"னு நீங்க சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். நாலு முதியோர் குடியிருப்பு ஏறி இறங்கினோமே. எல்லாரும் தோட்டத்தையும் சாப்பாட்டு ஹாலையும் காட்ட, நீங்க நேரா குளியலறைக்குப் போய் அவசர மணியை அழுத்திட்டு இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னீங்க. ஒரு இடத்துல யாருமே வரல. இன்னொரு இடத்துல தோட்டக்காரர் வந்து என்ன வேணும்னு கேட்டார். இங்க மட்டும்தான் ரெண்டு பேர் மூச்சிரைக்க ஓடி வந்தாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டீங்க.

ரூம் நல்லா இருக்கு. தரைத்தளத்துல கடைசி. ஜன்னல் ஓரக் கட்டிலை உங்களுக்கு வச்சிருக்கேன், அதுமேல ஒரு துண்டுகூடப் போடல. இரண்டாவது கட்டிலை வருஷக் கடைசி வரைக்கும் காலியா வச்சிருப்பாங்களாம். பக்கத்து ரூம்ல ஒரு ரிட்டயர்டு நீதிபதி. காபி ஆறிப்போனாக்கூட எழுந்து நின்னு ஒரு தீர்ப்பு சொல்றார்.

போன் பண்ணாதீங்க. நீங்க எனக்கு ஹலோன்னு பேர் வைக்கிற அளவுக்கு முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஹெட்போன் மாட்டின காதுக்கு இப்போ போன்ல கொர்ருன்னு ஒரு சத்தம் மட்டும்தான் கேக்குது. எழுதுங்க. மருமகளுக்குப் பிரசவம் ஆகி மூணு மாசத்துல வந்துடுவேன்னு சொல்லியிருக்கீங்க. நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்.

உங்கள்
ஹலோ

பிப்ரவரி 20

அன்புள்ள ஹலோவுக்கு,

இங்கே தாயும் சேயும் நலம். பெண் குழந்தை. முகம் அப்படியே உங்க அண்ணன். பாவம், வளர்ந்ததும் மாறிடும்னு நம்பறேன். என் சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருக்கு. நீ மூட்டுக்கு எண்ணெய் தடவறியா, இல்லை பாட்டிலை அலமாரியில வச்சு அழகு பார்க்கறியா?

பதினோராவது மாடி. கீழே பார்த்தா மனுஷங்க பட்டன் மாதிரித் தெரியறாங்க. குட்டி வேலைக்குப் போய், அவளும் ரூம்ல படுத்துட்டா வீடு கப்சிப்னு ஆயிடும். குழந்தை தூங்கினா நானும் தூங்கணும், அது முழிச்சா நானும் முழிக்கணும். நைட் டியூட்டியே தேவலைன்னு இருக்கு. எனக்குச் சண்டை போட ஆள் இல்லாம வாய் துருப்பிடிச்சுப் போச்சு.

கல்யாணமாகி உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு, "நாத்தனார் வாய்க்காரி, ஜாக்கிரதையா இரு"ன்னு எங்கம்மா சொல்லி அனுப்பினாங்க. நாப்பத்தஞ்சு வருஷமா ஜாக்கிரதையாத்தான் இருந்தேன். இப்போ நீ பக்கத்துல இல்லாம ஒரு கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. மே மாசம் வந்துடறேன். நீதிபதிகிட்ட அதிகம் வாயாடாதே. உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு ரெண்டு வேளை நல்லா சாப்பிட்டேன். குழந்தைக்குச் சளி கிளி இல்லையே? நீங்க தூங்கறீங்களா?

இங்க காலையில ஒரு பொண்ணு வந்து எல்லாரையும் வட்டமா உக்கார வச்சுக் கையைத் தூக்கச் சொல்றா, பந்தைப் பிடிக்கச் சொல்றா. எனக்குக் காது சரியாக் கேக்காதா, அவ கையை இறக்கச் சொன்னப்புறமும் தூக்கிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நீங்க இருந்திருந்தா என் முழங்கையை இடிச்சுச் சொல்லியிருப்பீங்க.

காது கேக்காதவகிட்ட யாரும் ரெண்டு தடவை பேச மாட்டாங்க அண்ணி. முதல் தடவை சத்தமாச் சொல்லுவாங்க. அடுத்த தடவை "ஒண்ணுமில்ல"ன்னு கையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க மட்டும்தான் திட்டிக்கிட்டேயாவது திருப்பிச் சொல்லுவீங்க. சில நாள் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

புலம்பறேன்னு நினைக்காதீங்க. மே மாசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே.

உங்கள்
ஹலோ

மே 4

அன்புள்ள ஹலோ,

எல்லாரும் சுகம். கண்ணுதான் லேசா மங்கலா இருக்கு, புரையா இருக்கும். உன் மூட்டு எப்படி?

நேரா விஷயத்துக்கு வரேன். இந்த மாசம் வர முடியாது. குட்டிகிட்ட பேச்சை எடுத்தேன். முகம் சுருங்கிப் போச்சு. அப்பாவைத்தான் கடைசிவரைக்கும் பக்கத்துல வச்சுப் பார்த்துக்க முடியல, உங்களையும் ஹோம்ல விட்டா நான் மனுஷனான்னு கேக்கறான். பெத்த அம்மாவை ஹோம்ல விட்டுட்டான்னு ஆபீஸ்ல நாலு பேர் பேசுவாங்களாம். அத்தை இருக்கட்டும், அவங்களுக்கு அந்த இடம் சரிதான், அது வேறன்னு சொல்றான். ரெண்டு நாள் சாப்பிடல அவன். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

கொஞ்சம் பொறுத்துக்கோ. அவனை மெதுவா வழிக்குக் கொண்டு வரேன். மாத்திரை போடு.

அண்ணி

மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அங்க எல்லாரும் நலமா இருக்கணும். கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க.

அத்தையை ஹோம்ல விட்டதுக்கு யாரும் பேச மாட்டாங்கன்னு கேட்டதுல ரொம்ப சந்தோஷம். அது வேறதான். நான் பெத்தவ இல்லையே. அவனுக்கு டைஃபாய்டு வந்தப்ப நீங்க ஆஸ்பத்திரி டியூட்டியில இருந்தீங்க, நான் லீவ் போட்டுட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுவும் வேறதான்.

நீங்க அந்த வரியை யோசிக்காமத்தான் எழுதியிருப்பீங்க, தெரியும். அதனாலதான் இன்னும் வலிக்குது. எனக்கு ஒரே ஒரு பதில் போதும். வர்றீங்களா, இல்லையா?

ஹலோ

ஜூலை 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க உடம்புக்கு என்ன? ரெண்டு மாசமா ஒரு வரி இல்ல. போன வாரம் வரைக்கும் தபால் வர்ற நேரத்துல வாசல்ல போய் உக்காந்திருந்தேன். தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்துல இருந்தே தலையை ஆட்டிடுவார்.

என் வாய் பாழாப்போன வாய். கோபத்துல எழுதிட்டேன். அதை மனசுல வச்சுக்காதீங்க. நீங்க எப்ப வந்தாலும் சரி, வருஷக் கடைசியா இருந்தாலும் சரி, நான் காத்துக்கிட்டு இருக்கேன். இங்க ஆபீஸ்ல இருக்கிற பொண்ணை விட்டு உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னேன். குட்டிதான் எடுத்தானாம். அம்மா தூங்கறாங்கன்னு சொன்னானாம். பகல் பதினோரு மணிக்கு நீங்க தூங்கி நான் பார்த்ததில்ல.

நான் குளியலறையில லேசா வழுக்கிட்டேன். ஒண்ணும் பெரிசா இல்ல. ஒரு வரி எழுதுங்க, போதும். நீங்க நல்லா இருக்கீங்கன்னு மட்டும் எழுதினாப் போதும்.

உங்கள்
ஹலோ

ஆகஸ்ட் 6

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு ஜூன் மாதம் தலைசுற்றல் வந்து இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது பயமில்லை. ஆனால் கண் பார்வை வேகமாகக் குறைகிறது. சர்க்கரை காரணமாக அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் தயங்குகிறார். உங்கள் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு கடிதம் வந்த பிறகும் அழுகிறார், சாப்பிட மறுக்கிறார்.

அத்தை, உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் அங்கே சந்தோஷமாக இருப்பதாக, பழகிவிட்டதாக அம்மாவுக்கு எழுதுங்கள். நீங்கள் தனியாகக் கஷ்டப்படுகிறீர்கள் என்று நினைக்கும்வரை அம்மா இங்கே நிம்மதியாக இருக்க மாட்டார். இந்த நிலையில் அவரை அங்கே அனுப்பினால் தாங்குவாரா என்று நீங்களே யோசியுங்கள். அப்பா போனபோது நான் பக்கத்தில் இல்லை. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பார். இந்தக் கடிதம் நமக்குள் இருக்கட்டும்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

குட்டி

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நான் ரொம்ப நல்லா இருக்கேன். நீங்க வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சுக்கறேன்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி. எனக்கு இங்க ஒரு சிநேகிதி கிடைச்சிருக்காங்க. ரிட்டயர்டு பாட்டு டீச்சர். குரல் கணீர்னு இருக்கும், என் காதுக்கே கேக்குதுன்னா பார்த்துக்கோங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம், ஒண்ணாத்தான் நடக்கப் போறோம். முன்னால எழுதின கடிதமெல்லாம் புது இடத்துல வந்த புலம்பல். அதைப் பெரிசு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, மனசு விட்டுச் சொல்றேன். நாப்பத்தஞ்சு வருஷம் உங்க சொல்படி எழுந்து, உங்க சொல்படி சாப்பிட்டேன். இப்பத்தான் என் இஷ்டத்துக்கு ஜன்னலைத் திறக்கறேன், என் இஷ்டத்துக்கு மூடறேன். நீங்க இனிமே மெனக்கெட்டு வர வேண்டாம். பிள்ளை கூடவே இருங்க. அதுதான் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

ஹலோ

அக்டோபர் 2

அன்புள்ள ஹலோவுக்கு,

நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுது. நானும் இருக்கேன். எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும், வரி கோணியிருக்கும். கண்ணு சுத்தமா மங்கிப் போச்சு. விரலை வச்சு வரி பார்த்து எழுதறேன். வீட்டு வேலைக்கு வர்ற அம்மா இதைத் தபால்ல போடறேன்னு சொல்லியிருக்காங்க.

நான் வர்றதுக்குப் பெட்டியைக் கட்டிட்டேன், உனக்குத் தெரியாது. மூணு மாசம் அவன்கிட்ட சண்டை போட்டேன். பேசாம இருந்தேன், சாப்பிடாம இருந்தேன். கடைசியில ஆகஸ்ட் முதல் வாரம் அவன் இறங்கி வந்தான். "சரிம்மா. அத்தையோட அடுத்த கடிதம் வரட்டும். அதுல அவங்க உங்களை வரச் சொன்னா நானே கொண்டுபோய் விடறேன்"னு சொன்னான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹலோ கூப்பிடாம இருப்பாளான்னு அன்னிக்கே பெட்டியை எடுத்துட்டேன்.

உன் கடிதம் வந்தது. அவன்தான் படிச்சான். ஜன்னல் வரியை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். நான் உன்னை அவ்வளவு ஆட்டி வச்சிருக்கேன்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சு. நர்ஸ் வேலை பார்த்த பழக்கம், யாரைப் பார்த்தாலும் அதட்டத்தான் வரும். நீ அப்பவே சொல்லியிருக்கலாம். பெட்டியில இருந்த துணியெல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில வச்சுட்டேன்.

உனக்கு ஒரு துணை கிடைச்சதுல எனக்கு நிஜமா சந்தோஷம்தான். அழுகையும் வருது, அது என் பாடு. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். அந்த டீச்சரம்மாவை, உனக்கு ராத்திரி கால் இழுத்துக்கிட்டா முட்டிக்குக் கீழே தலகாணி வைக்கச் சொல்லு.

அண்ணி

அக்டோபர் 11

என் அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை உடனே படிக்கச் சொல்லிக் கேளுங்க. நான் நல்லா இல்ல. ஒரு நாளும் நல்லா இல்ல.

பாட்டு டீச்சர்னு யாரும் இல்ல. நடைப்பயிற்சியும் இல்ல. ஜூலையில நான் லேசா வழுக்கல, இடுப்பு எலும்பு உடைஞ்சது. மணியை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நாம பார்த்த அன்னிக்கு ஓடி வந்தாங்களே, அது வேற நாள். அரை மணி நேரம் ஈரத் தரையில கிடந்தேன். இப்போ வாக்கர் வச்சு சாப்பாட்டு ஹால் வரைக்கும் போறேன், அவ்வளவுதான். இல்லாட்டி உங்க கடிதம் வந்த அன்னிக்கே கிளம்பி உங்க வாசல்ல வந்து நின்னிருப்பேன்.

உங்க நல்லதுக்குன்னு நினைச்சுப் பொய் எழுதினேன். யார் எனக்கு அப்படித் தோண வச்சாங்கன்னு கேக்காதீங்க. அந்த ஜன்னல் வரியை எழுதும்போது, இது இருந்தாத்தான் நீங்க நம்புவீங்கன்னு தேடிப் பிடிச்சு எழுதினேன். உங்களுக்கு எங்க வலிக்கும்னு எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியும், அண்ணி. நீங்க அதட்டாம எனக்குச் சாப்பாடே இறங்கல. என்னை மாத்திரை போட்டியான்னு கேக்க இந்த உலகத்துல வேற யாரு இருக்கா?

கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு. வருஷக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. அவன் சொன்னபடி கொண்டுவந்து விடட்டும். நான் கூப்பிடறேன். வாங்க. கண்ணு தெரியாட்டிப் பரவாயில்ல, எனக்குத் தெரியும். காது எனக்குக் கேக்காட்டிப் பரவாயில்ல, உங்களுக்குக் கேக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளா இருந்துட்டுப் போவோம். வாங்க.

உங்கள்
ஹலோ

டிசம்பர் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலம் அறிய விருப்பம்.

என் பார்வை மேலும் குறைந்துவிட்டதால், நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். உன் அக்டோபர் மாதக் கடிதத்தை அவன் படித்துக் காட்டினான். நீயும் உன் தோழியும் தினமும் நடைப்பயிற்சி போவதும், உன் மூட்டு வலி குறைந்திருப்பதும் கேட்டு மிகுந்த நிம்மதி அடைந்தேன். நான் இங்கே பேத்தியுடன் மகிழ்ச்சியாக இருக்கிறேன். இனி அங்கே வருவது பற்றிய எண்ணம் எனக்கு இல்லை. எனவே அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் தெரிவித்துவிடவும்.

உடல்நலத்தைப் பேணவும்.

இப்படிக்கு,
அண்ணி

டிசம்பர் 19

அன்புள்ள குட்டிக்கு,

உறைமேல உங்கம்மா பேர்தான் எழுதியிருக்கேன். பிரிக்கப்போறது நீதான்னு தெரியும். மருமகளும் குழந்தையும் சௌக்கியமா?

அக்டோபர்ல நான் எழுதினது என்னன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் போன் கேக்காது, அவங்களுக்குக் கண்ணு தெரியாது. நடுவுல நீ ஒருத்தன். எக்ஸ்சேஞ்சுல நடுவுல உக்காந்திருக்கறவ வாயைத் திறக்கவே கூடாது. இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாலும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தர் அழுகையையும் நான் மாத்திச் சொன்னதில்ல. உன்மேல எனக்கு வயிறு எரியுது. எரிஞ்சு என்ன பண்றது? உன் தலைமேல கையை வச்சுச் சாபம் கொடுக்கவும் வரல எனக்கு.

வேலைக்கு வர்ற அம்மா பேருக்கு எழுதலாமான்னு ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். எழுதி, உங்கம்மாவுக்கு உண்மை தெரிஞ்சா? பெத்த பிள்ளை ஏமாத்திட்டான்னு தெரிஞ்சுக்கிட்டு, கண்ணும் தெரியாம, அதே வீட்டுல அதே பிள்ளை கையால சாப்பிடணும். என்னைப் பத்திப் பொய்யா ஒரு நிம்மதி இருக்கு அவங்களுக்கு. அதையும் பிடுங்கி நான் என்ன கொடுக்கப் போறேன்? இடுப்பு ஒடிஞ்ச ஒருத்தியையா? அதனால எழுதல. நீ ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. எங்க ரெண்டு பேருக்கும் வேற வழி இல்லாமப் போச்சு.

ஆபீஸ்ல சொல்லிட்டேன். நேத்து அந்தக் கட்டிலுக்கு ஆள் வந்துட்டாங்க. என்னைவிட வயசானவங்க. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறாங்க, பேசறதில்ல.

இனி உனக்குச் சிலது சொல்றேன், கவனமாக் கேளு. போன கடிதத்துல நாத்தனார்னு எழுதியிருந்தே. அண்ணி ஒரு நாளும் என்னை அப்படி எழுதினதில்ல. நல்லவேளை, அது என் கையிலதான் வந்தது. நீ அவங்களுக்குப் படிக்கும்போது இந்த மாதிரி தப்பு பண்ணாதே, கண்டுபிடிச்சுடுவாங்க. அண்ணின்னு ஆரம்பி. முதல்ல மாத்திரை போட்டீங்களான்னு கேளு. ரெண்டு இடத்துலயாவது அவங்களை வம்புக்கு இழு. நீதிபதியைப் பத்தி ஏதாவது சொல்லு, சிரிப்பாங்க. அந்த ஜன்னல் வரி விளையாட்டுக்கு எழுதினது, மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு கடிதத்துல நானே எழுதின மாதிரி படி. அதை மட்டும் கட்டாயம் படி. அவசரப்படாம, நிறுத்தி நிறுத்திப் படி. என் கடிதம் நீளமா இருந்தாத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்.

எனக்குக் கை நடுக்கம் கூடிக்கிட்டே போகுது. இனிமே வெறும் தாளைத்தான் உறையில போட்டு அனுப்புவேன். உறை வந்த சத்தம் அவங்களுக்குக் கேக்கட்டும், மிச்சத்தை நீ பார்த்துக்கோ. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இங்கிருந்து உனக்குத் தகவல் வரும். அப்பவும் நிறுத்தாதே. வீட்டுல ஏதாவது ஒரு உறையைக் கிழி. அண்ணி இருக்கிற வரைக்கும் மாசம் ஒரு கடிதம் படி. ஒவ்வொண்ணுலயும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லு.

உன் உடம்பையும் பார்த்துக்கோ.

அத்தை